அஞ்சலில் நகர்ந்த காய்கள்

நுழையும்முன்

எதிரே எவரும் இல்லாமல் சதுரங்கம் ஆட இயலுமா? ஓர் ஆட்டம் முடிய இரண்டு ஆண்டுகள் ஆகுமா? ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே இருவர் நண்பர்கள் ஆவார்களா? இவ்வினாக்களுக்கு அஞ்சல்வழிச் சதுரங்கத்தின் வரலாறு விடை கூறுகிறது. ஊரையும் உறவையும் விட்டுத் தொலைவில் வாழ்வோருக்கு அவ்விடையில் ஒரு செய்தி உண்டு.

முகம் காணா ஆட்டம்

சதுரங்கம் என்றவுடன் ஒரு மேசையும் அதன் இருபுறமும் அமர்ந்த இருவரும் நினைவுக்கு வருவர். ஒருவர் காயை நகர்த்துகிறார். மற்றவர் கன்னத்தில் கைவைத்துச் சிந்திக்கிறார். அருகே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் மேசையும் கடிகாரமும் இன்றி, எதிராளியின் முகமும் தெரியாமல் ஆடப்படும் சதுரங்கம் ஒன்று உண்டு. அதற்கு அஞ்சல்வழிச் சதுரங்கம் என்று பெயர்.

இவ்வாட்டத்தில் இருவர் வீட்டிலும் தனித்தனிப் பலகை இருக்கும். ஒருவர் தம் பலகையில் காயை நகர்த்தி, அந்நகர்வை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவார். அட்டை கிடைத்ததும் மற்றவர் அதே நகர்வைத் தம் பலகையிலும் செய்துகொள்வார். பின்னர் ஆராய்ந்து, தம் நகர்வை எழுதி மறு அஞ்சலில் விடுப்பார். இவ்வாறு இரண்டு ஊர்களில் உள்ள இரண்டு பலகைகளிலும் ஒரே போர் நடைபெறும். ஒரு பலகையைப் பார்த்தால் மற்றொன்றையும் பார்த்ததாகும்.

இந்த ஆட்டத்தை ஆடுவோருள் பெரும்பாலோர் உலகறிந்த வீரர்கள் அல்லர். பகலில் அலுவலகத்திலோ பள்ளியிலோ பணியாற்றி, மாலையில் ஊர்ச் சதுரங்கக் கழகத்தில் ஆடிப் பழகியவர்கள். தம் ஊரில் தமக்கு ஈடான ஆட்டக்காரர் கிடைக்காதபோது, ஈடானவரைத் தொலைவூரில் தேடிக்கொண்டவர்கள். சிற்றூரிலும் மலைநாட்டிலும் தீவிலும் வாழ்ந்த ஆட்டக்காரர்களுக்கு அஞ்சலகமே சதுரங்கக் கழகமாக விளங்கியது.

சென்னையும் ஐதராபாத்தும்

அஞ்சல்வழிச் சதுரங்கத்தில் புகழ்பெற்ற முதற்போட்டி லண்டன் கழகத்துக்கும் எடின்பரோ கழகத்துக்கும் இடையே 1824 முதல் 1828 வரை நடைபெற்றது. குதிரை வண்டிகள் நகர்வுகளைச் சுமந்து சென்றன. எடின்பரோ வென்றது. அப்போட்டியில் ஆடப்பட்ட ஒரு தொடக்கமுறை இன்றும் ‘ஸ்காட்ச் ஆட்டம்’ என்றே வழங்குகிறது.

அப்போட்டி முடிந்த அதே காலத்தில், 1828, 1829 ஆகிய ஆண்டுகளில், இந்தியாவிலும் இரண்டு நகரங்கள் அஞ்சல்வழி மோதின. ஒன்று சென்னை, மற்றொன்று ஐதராபாத். இரண்டு ஆட்டங்கள் ஆடப்பட்டன. சென்னையின் பக்கத்தில் ஆட்டத்தை முன்னின்று நடத்தியவர் சென்னையைச் சேர்ந்த குலாம் காசிம். வெற்றி சென்னைக்கே கிடைத்தது.

அன்றைய நிலையை எண்ணிப் பார்த்தால் அவ்வெற்றியின் அருமை புலப்படும். இந்தியாவில் முதல் பயணியர் தொடர்வண்டி ஓடியது 1853-இல். உலகின் முதல் ஒட்டும் அஞ்சல்தலையைப் பிரிட்டன் வெளியிட்டது 1840-இல். இந்தியாவில் அஞ்சலட்டை அறிமுகமானது 1879-இல். இவற்றுள் ஒன்றும் காசிமின் காலத்தில் இல்லை. சென்னையில் தலைமை அஞ்சலகம் 1786-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டிருந்தது; ஆனால் நெடுஞ்சாலைகளில் தபால் பையைச் சுமந்தவை மனிதர்களின் கால்களே. மணி கட்டிய கோலின் நுனியில் பையை மாட்டிக்கொண்டு ஓட்டக்காரர் ஒருவர் ஓடுவார். குறிப்பிட்ட தொலைவில் அடுத்தவர் காத்திருந்து பையை வாங்கிக்கொண்டு ஓடுவார். சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு உண்டு. ஆறுகளையும் காடுகளையும் கடந்து ஒரு சிப்பாயின் ஒரு கட்ட நகர்வு சென்றது; அதற்கான மறுமொழி அதே வழியில் திரும்பி வந்தது.

போட்டி முடிந்ததும், 1829-இல், அவ்விரு ஆட்டங்களும் சென்னையில் நூலாக அச்சிடப்பட்டன. நூலை எழுதியோர் இருவர்: குலாம் காசிம், ஜேம்ஸ் காக்ரேன். காக்ரேன் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் குடிமைப் பணியில் இருந்தவர். நூலின் முகப்பில் காசிமின் பெயரே முதலில் நிற்கிறது. சென்னை ஆட்டங்களைத் தலைமையேற்று நடத்தியவர் அவரே என்னும் குறிப்பும் அங்கேயே உள்ளது. கம்பெனி அதிகாரியின் சொல்லுக்கு நாடே அஞ்சிய காலம் அது. அக்காலத்தில் ஓர் இந்தியரின் பெயர் அதிகாரியின் பெயருக்கு முன் அச்சேறியது சிறு செய்தி அன்று. அஞ்சலில் வந்த நகர்வு ஆளுபவருடையதா ஆளப்படுபவருடையதா என்று பலகை கேட்பதில்லை. நகர்வு நல்லதா என்று மட்டுமே கேட்கிறது.

தென்னாட்டில் சதுரங்கப் புலமை அன்று திடீரென முளைத்ததும் அன்று. திருவேங்கடாசாரியார் என்னும் அறிஞர் சதுரங்கம் பற்றி வடமொழியில் நூல் இயற்றினார். ஐரோப்பிய ஆட்டமுறைக்கு ஏற்ப அமைத்த அதன் ஆங்கில வடிவம் 1814-இல் பம்பாயில் வெளியாயிற்று. நம் நாட்டு ஆட்டத்திற்கும் ஐரோப்பிய ஆட்டத்திற்கும் விதிகளில் வேறுபாடு இருந்தது. இரண்டையும் கற்றுத் தேர்ந்தவர்கள் இங்கு வாழ்ந்தனர் என்பதற்கு அந்நூலும் காசிமின் நூலும் சான்றுகள்.

எண்களே மொழி

நகர்வை எழுதுவதற்கு ஒரு மொழி வேண்டும். தமிழர் ‘குதிரை’ என்பதை ஆங்கிலேயர் வேறு சொல்லாலும் ஜெர்மானியர் மற்றொரு சொல்லாலும் குறிப்பர். அட்டையை வாங்கியவர் பொருள் தெரியாமல் திகைக்கக் கூடாது. ஆதலால் பன்னாட்டு அஞ்சல்வழிச் சதுரங்கத்தில் எண்களாலேயே நகர்வை எழுதும் முறை வழக்கிற்கு வந்தது.

அம்முறை மிக எளியது. வெள்ளைக் காய்களை உடையவரின் இடப்புறத்திலிருந்து நிரல்களுக்கு 1 முதல் 8 வரை எண் இடப்படும். அவருக்கு அருகிலுள்ள வரிசையிலிருந்து நிரைகளுக்கும் 1 முதல் 8 வரை எண் இடப்படும். ஒவ்வொரு கட்டத்திற்கும் இவ்வாறு ஈரிலக்க முகவரி ஒன்று அமையும். முதலில் நிரல் எண்ணையும் அடுத்து நிரை எண்ணையும் எழுத வேண்டும். புறப்படும் கட்டத்தையும் சேரும் கட்டத்தையும் அடுத்தடுத்து எழுதினால் நான்கு இலக்கங்களில் ஒரு நகர்வு முடிந்துவிடும். 5254 என்றால், 52-ஆம் கட்டத்தில் உள்ள காய் 54-ஆம் கட்டத்திற்குச் செல்கிறது என்பது பொருள். வெள்ளை அரசனுக்கு முன்நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னேறுகிறது.

குலாம் காசிமின் பெயரைத் தாங்கிய தொடக்கமுறையை இவ்வெண்களில் எழுதினால் பின்வருமாறு அமையும். ஒவ்வொரு வரியிலும் முதலில் உள்ளது வெள்ளையின் நகர்வு. அடுத்துள்ளது கறுப்பின் நகர்வு.

5254 – 5755
6264 – 5564
7163 – 7775
6134 – 7574
4244 – 7463

நான்காம் நகர்வில் கறுப்புச் சிப்பாய் 74-ஆம் கட்டத்திற்கு வந்து வெள்ளைக் குதிரையை வெட்ட முனைகிறது. சாதாரண ஆட்டக்காரர் குதிரையைக் காப்பாற்ற விரைவார். ‘மூசியோ கேம்பிட்’ என்னும் துணிவான முறையிலோ, வெள்ளை அக்குதிரையைப் பலிகொடுத்துவிட்டுத் தன் அரசனைக் கோட்டைக்குள் அனுப்பும். காசிமின் பெயரால் வழங்கும் முறையிலும் குதிரை பலியாகிறது. ஆனால் வெள்ளை 42-ஆம் கட்டத்துச் சிப்பாயை 44-ஆம் கட்டத்திற்கு நகர்த்துகிறது. அச்சிப்பாய் பலகையின் நடுவைப் பிடிக்கிறது. அது விலகியதால் பின்னால் நின்ற மந்திரிக்கும் வழி திறக்கிறது. குதிரையைக் கறுப்பு வெட்டியபின், வெள்ளை அரசி 4163 என்று பாய்ந்து அச்சிப்பாயை வெட்டித் தாக்குதலைத் தொடங்குகிறாள். ஒரு காயை இழந்து, நேரத்தையும் இடத்தையும் வாங்கும் வாணிகம் இது. உலகெங்கும் உள்ள சதுரங்க நூல்களில் இம்முறை இன்றும் ‘குலாம் காசிம் கேம்பிட்’ என்றே குறிக்கப்படுகிறது. 1844-இல் மறைந்த சென்னைவாசி ஒருவரின் பெயர், அஞ்சல் பை சென்றடையாத நாடுகளிலும் வாழ்கிறது.

இந்த எண்மொழியால் தொல்லையும் நேர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கடிதங்களைப் பிரித்துப் படித்த தணிக்கை அதிகாரிகள், பொருள் விளங்காத எண்கள் நிறைந்த அட்டைகளைக் கண்டு அவை ஒற்றர்களின் குறியீடுகளாக இருக்குமோ என ஐயுற்றனர். நாடு விட்டு நாடு சென்ற பல ஆட்டங்கள் பாதியில் நின்றுபோயின.

காலமும் நம்பிக்கையும்

போருக்குப் பின் 1951-இல் பன்னாட்டு அஞ்சல்வழிச் சதுரங்கக் கூட்டமைப்பு உருவாயிற்று. ஆஸ்திரேலியாவின் செசில் பர்டி 1953-இல் முதல் உலக வாகையரானார். அமெரிக்கரான ஹான்ஸ் பெர்லினர் 1965-இல் தொடங்கிய ஐந்தாம் உலகப் போட்டியில் 16 ஆட்டங்கள் ஆடினார், 12-இல் வென்றார், 4-இல் சமன் கண்டார், ஒன்றிலும் தோற்கவில்லை. அப்போட்டி முடிய ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. இந்தியாவிலும் இவ்வாட்டத்திற்கென அனைத்திந்தியக் கூட்டமைப்பு ஒன்று உள்ளது.

மேசைக் கடிகாரம் இல்லாத ஆட்டத்திற்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு. பத்து நகர்வுகளுக்கு 30 நாள் என்பது வழக்கமான அளவு. அஞ்சல் வழியில் கழியும் நாள்கள் கணக்கில் சேரா. அட்டை கைக்கு வந்த நாள் முதல் மறுமொழி அஞ்சலில் இடும் நாள் வரையே கணக்கு. ஆதலால் ஒவ்வோர் அட்டையிலும் எதிராளியின் கடைசி நகர்வு, தம் நகர்வு, அட்டை கிடைத்த நாள், மறுமொழி அனுப்பும் நாள், செலவான நாள்கள் ஆகியவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். அஞ்சல் முத்திரையே சாட்சி. எண்ணைத் தெளிவின்றி எழுதினால் நாள்கள் தண்டமாகக் கழிக்கப்படும். அஞ்சல் பெட்டியில் இட்டபின், தவறான நகர்வை எண்ணி எவ்வளவு வருந்தினாலும் அதைத் திரும்பப் பெற இயலாது.

நாளை மிச்சப்படுத்தவும் ஒரு வழி இருந்தது. ‘நீங்கள் இவ்வாறு ஆடினால் நான் இவ்வாறு ஆடுவேன்’ என்று அடுத்த நகர்வையும் முன்கூட்டியே எழுதி அனுப்பலாம். எதிராளி அவ்வாறே ஆடினால் ஒரு மடலில் இரு மடல்களின் வேலை முடியும். எதிராளியின் மனத்தில் ஓடுவதை அவர் எழுதும் முன்பே உணர்ந்தவரால் மட்டுமே இதனைச் செய்ய இயலும்.

இவ்வாட்டத்தில் நடுவர் அருகில் இல்லை. வீட்டில் யார் துணையுடன் ஆடுகிறார், எத்தனை முறை காயை நகர்த்திப் பார்க்கிறார் என்று எவரும் காண்பதில்லை. நூல்களைப் புரட்டிப் பார்ப்பதற்கு விதி இடம் தருகிறது. பிறரிடம் நகர்வைக் கேட்டு எழுதுவது இழுக்கு எனக் கருதப்பட்டது. அந்த எல்லையைக் காத்தது ஆட்டக்காரரின் மனச்சான்றே.

அதனினும் பெரிய இழுக்கு மற்றொன்று உண்டு. ஆட்டத்தில் தோல்வி நெருங்குவதை உணர்ந்த சிலர், மறுமொழி எழுதாமல் இருந்துவிடுவர். எதிராளியோ ஒவ்வொரு நாளும் தபால்காரரை எதிர்பார்த்துக் காத்திருப்பார். அட்டை வழியில் தொலைந்ததோ, ஆட்டக்காரருக்கு உடல்நலம் குன்றியதோ என்று கலங்குவார். மீண்டும் ஓர் அட்டை எழுதுவார். அதன்பின் பதிவு அஞ்சலில் ஒன்று அனுப்புவார். சொல்லாமல் விலகுவதைக் கூட்டமைப்பு தண்டனைக்குரிய செயலாகவே வைத்திருக்கிறது. தோல்வியை ஏற்கும் நல்ல ஆட்டக்காரர் அவ்வாறு செய்வதில்லை. ‘உங்கள் வெற்றிக்கு வாழ்த்துகள்; ஆட்டத்திற்கு நன்றி’ என இரண்டு வரி எழுதி அனுப்புவார். தோல்வியைச் சொல்லும் அட்டைக்கும் வெற்றியைச் சொல்லும் அட்டைக்கும் அஞ்சல் கட்டணம் ஒன்றே.

எண்களுக்குக் கீழே சிறிது வெற்றிடம் எஞ்சும். அதில் முதலில் ‘வணக்கம்’ மட்டும் இருக்கும். சில மாதங்களில் ‘இங்கு மழை தொடங்கிவிட்டது’ என்ற வரி சேரும். பின்னர் மகளின் திருமணமும் பேரனின் பிறப்பும் இடம்பெறும். ஆட்டங்கள் முடிந்தும் மடல்கள் தொடர்ந்த நட்புகள் பல. ஆட்டம் முடியும் முன்பே ஒருவர் காலமாவதும் உண்டு. அச்செய்தியைச் சுமந்த மடல் வேறு கையெழுத்தில் வந்து சேரும். பலகையில் அன்றுள்ள நிலையை வல்லுநர் ஆராய்ந்து முடிவு கூறுவர். எஞ்சிய ஆட்டக்காரரோ அப்பலகையின் காய்களை உடனே கலைக்க மனமின்றி இருப்பார்.

தீவும் மடலும்

அந்தமானில் வாழ்வோருக்கு மடலின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. சென்னைக்கும், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேருக்கும் இடையே சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. பயணியர் கப்பல் கடலில் ஏறத்தாழ மூன்று நாள் செல்லும். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையில் அடைபட்ட அரசியல் கைதிகள், வீட்டிற்கு ஆண்டுக்கு ஒரு மடலே எழுத இசைவு பெற்றிருந்தனர். ஓராண்டு முழுவதும் எண்ணியதை ஒரு தாளில் அடக்கினர். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியில் தீவுகள் இருந்தபோது தாய்நிலத்துடன் தொடர்பே அறுந்தது.

இத்தீவிலிருந்து ஒருவர் சென்னையில் உள்ள ஒருவருடன் அஞ்சல்வழி ஆடுவதாகக் கொள்ளலாம். ஆட்டம் 40 நகர்வுகளில் முடிகிறது என்றால் ஆளுக்கு 40 ஆக 80 அட்டைகள் தேவை. ஓர் அட்டை சேர ஒரு வாரமும், அதைப் படித்துச் சிந்தித்து மறுமொழி எழுத இரண்டு நாளும் ஆகுமானால், ஒவ்வொரு நகர்வுக்கும் 9 நாள். 80 நகர்வுகளுக்கு 720 நாள். அஃதாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இருமுறை வந்து போகும். ஆறாம் வகுப்பில் ஆட்டத்தைத் தொடங்கிய மாணவர் எட்டாம் வகுப்பில் முடிப்பார். அவ்விரு ஆண்டுகளும் கடலுக்கு அப்பால் ஒருவர் தம்மை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதை அந்த மாணவர் அறிந்திருப்பார்.

மணிலாவுக்குச் சென்ற சிறுவன்

ஊர் மாறிச் சென்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் துணையாக நின்ற கதைகள் தமிழருள் உண்டு. இந்தியாவின் முதல் பன்னாட்டு மாஸ்டரான மேனுவல் ஆரோன் 1935-இல் பர்மாவில் பிறந்தவர், தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1961-இல் அப்பட்டம் பெற்றார்.

1969-இல் மயிலாடுதுறையில் பிறந்த விசுவநாதன் ஆனந்த், தாயார் சுசீலாவிடம் சதுரங்கம் கற்றார். இரயில்வேயில் பணிபுரிந்த தந்தைக்குப் பிலிப்பைன்சில் பணி வாய்க்கவே, குடும்பம் மணிலாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்குத் தொலைக்காட்சியில் நாள்தோறும் பிற்பகலில் சதுரங்க நிகழ்ச்சி ஒன்று வரும். முடிவில் ஒரு புதிர் தரப்படும். மகன் பள்ளியில் இருக்கும் நேரம் அது. ஆகவே தாயார் ஆட்டங்களையும் புதிரையும் குறித்து வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து புதிரை விடுவித்து விடையை அனுப்புவர். சரியான விடைக்குப் பரிசு ஒரு நூல். ஆனந்த் தொடர்ந்து வென்றமையால், நிகழ்ச்சியை நடத்தியோர் அவரை நூலகத்திற்கு அழைத்து, வேண்டிய நூல்களை எடுத்துக்கொண்டு இனி விடை அனுப்பாதிருக்குமாறு கேட்டுக்கொண்டனராம். அச்சிறுவன் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். புதிய நாட்டில், புரியாத மொழிகளுக்கு நடுவே, தாயார் குறித்து வைத்த தாள் அவருக்குப் பாடநூலாயிற்று.

கணினி வந்தபின்

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளையும் இணைக்கும் கடலடி ஒளியிழை வடம் செயல்பாட்டிற்கு வந்தது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடம் போர்ட் பிளேருடன் ரங்கத், சிற்றந்தமான், கார் நிக்கோபார், பெரிய நிக்கோபார் முதலிய இடங்களையும் தொடுகிறது. ஒரு வாரம் சென்ற நகர்வு இன்று கண்ணிமைக்கும் நேரத்தில் செல்லும். பன்னாட்டுக் கூட்டமைப்பும் 2004 முதல் இணையவழியில் போட்டிகளை நடத்துகிறது. அஞ்சலட்டையின் இடத்தைத் திரை பிடித்துவிட்டது.

கணினி மற்றொன்றையும் செய்தது. இன்றைய கணினி நிரல்கள் உலக வாகையரையும் வெல்லும் திறன் படைத்தவை. அஞ்சல்வழி ஆட்டத்தில் அவற்றின் துணையைப் பெறுவதற்கு இன்று கூட்டமைப்பு இசைவு தருகிறது. எவரும் காணாத அறையில் அதைத் தடுப்பது இயலாது. விளைவாக, உயர்நிலைப் போட்டிகளில் பெரும்பாலான ஆட்டங்கள் சமனில் முடிகின்றன. பிழை குறைந்தது, அத்துடன் வெற்றியும் குறைந்தது. இதனைக் கண்டு அஞ்சல்வழிச் சதுரங்கத்தின் காலம் முடிந்தது என்பாரும் உளர். கணினி காட்டும் பல வழிகளுள் ஒன்றைத் தேர்வது மனிதரே என்பாரும் உளர். இருசாராரும் ஒன்றில் உடன்படுவர்: தாமே சிந்தித்து, தாமே பிழை செய்து, தாமே ஏற்றுக்கொண்ட பழைய ஆட்டத்தின் சுவை வேறு.

அந்தப் பழைய ஆட்டம் விட்டுச் சென்றவற்றுள் இன்றும் பயன்படுவது அதன் ஒழுக்கமே. தன் முறை வந்ததும் மறுமொழி எழுதுதல், எழுதுமுன் சிந்தித்தல், பிறர் காணாவிடத்தும் நேர்மை காத்தல், தோற்றாலும் சொல்லிவிட்டு விலகுதல். காசிமும் ஐதராபாத்து ஆட்டக்காரர்களும் 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து ஒரே ஆட்டத்தைக் கட்டிக்காத்தது இவ்வொழுக்கத்தால்தான்.

தீவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கடலுக்கு அப்பால் தாத்தாவோ அத்தையோ சிற்றப்பாவோ இருப்பர். இராமநாதபுரத்திலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ அவர்கள் நலம் கேட்பர். இன்று அச்செய்தி நொடியில் வருகிறது. நொடியில் வந்த செய்திக்கு மாதக்கணக்கில் மறுமொழி எழுதாதிருப்பதும் நிகழ்கிறது. தொலைவு கடலால் மட்டும் ஆவதில்லை. மறுமொழி இல்லாமையாலும் ஆகிறது. அஞ்சல்வழி ஆட்டக்காரர் ஒவ்வொரு நாளும் தம் பலகையைப் பார்த்துக் கேட்டுக்கொண்ட வினா எளியது: இப்போது யாருடைய முறை?

சொல்லும் பொருளும்

எதிராளி – எதிர்த்து ஆடுபவர்
நிரல் – மேலிருந்து கீழாக அமைந்த வரிசை
நிரை – இடமிருந்து வலமாக அமைந்த வரிசை
இசைவு – ஒப்புதல்
தணிக்கை – கடிதம், நூல் முதலியவற்றை ஆராய்ந்து தடை செய்தல்
கேம்பிட் – தொடக்கத்திலேயே ஒரு காயை வேண்டுமென்றே இழந்து தாக்குதலைப் பெறும் முறை
இழுக்கு – குறை, பழி
வாகையர் – வெற்றி பெற்றவர்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே அஞ்சல்வழிப் போட்டி எப்போது நடைபெற்றது?
2. எண்களால் நகர்வை எழுதும் முறை ஏன் தேவைப்பட்டது?
3. அஞ்சல்வழிச் சதுரங்கத்தில் எந்த நாள்கள் கணக்கில் சேர்வதில்லை?

ஆ. ஐந்தாறு தொடர்களில் விடை எழுதுக.
1. 1829-இல் வெளியான நூலின் முகப்பில் காசிமின் பெயர் முதலில் நின்றது ஏன் சிறப்புடையது?
2. சொல்லாமல் விலகுவதை ஆட்டக்காரர்கள் இழுக்காகக் கருதியது ஏன்? உங்கள் கருத்தையும் சேர்த்து எழுதுக.

இ. பலகையை வைத்துக் கண்டறிக.
1. ஆட்டத் தொடக்கத்தில் 7163 என்று வெள்ளை எழுதினால் நகரும் காய் எது?
2. 5755 என்னும் நகர்வு யாருடையது? எவ்வாறு அறிந்தீர்கள்?

ஈ. பிரித்து எழுதுக.
அஞ்சலட்டை, கடலடி, தனித்தனிப் பலகை, மனச்சான்று

உ. எடுத்துக்காட்டைப் போல் தொடர்களை இணைத்து எழுதுக.
எடுத்துக்காட்டு: நீங்கள் ஆடுவீர்கள். நான் ஆடுவேன். – நீங்கள் ஆடினால் நான் ஆடுவேன்.
1. மழை நிற்கும். கப்பல் புறப்படும்.
2. மடல் கிடைக்கும். பாட்டி மகிழ்வார்.

ஊ. செயல்பாடு
தமிழ்நாட்டில் வாழும் உறவினர் ஒருவருக்கு அஞ்சலட்டை ஒன்று எழுதுக. அனுப்பும் நாளைக் குறிப்பிடுக. மறுமொழி வந்ததும் வந்த நாளையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதி, எத்தனை நாள் ஆயின எனக் கணக்கிடுக. பின்னர் உங்கள் முறை தவறாமல் மறுமொழி எழுதுக.